ஏழுக்கு எட்டில் ஒரு சமையற்கட்டு: நாமே கட்டலாம்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முன்னால் திண்ணை, நடுவில் ஒரு கூடம், பின்னால் ஏழடிக்கு எட்டடியில் ஓடு போட்ட சமையற்கட்டு. அவ்வளவுதான். அம்மா காலமெல்லாம் தரையில் உட்கார்ந்தே சமைத்தவர். முழங்கால் வலி வந்த பிறகுதான் மேடை கட்டினோம். பக்கத்து வீட்டு மேடை என்ன உயரமோ அதையே கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன்: 34 அங்குலம். அதன் மேல் அடுப்பு 5 அங்குலம், அதற்கு மேல் குழம்புச் சட்டி. கிண்டிவிடுவதற்கே அம்மா கையைத் தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டியிருந்தது. முழங்கால் வலியோடு தோள்வலியும் சேர்ந்துகொண்டது. அடுத்த வருடம் அதை உடைத்துவிட்டு நானே கட்டினேன். அந்த அனுபவத்தில்தான் சமையல் மேடை கட்டும் விதத்தை எழுதுகிறேன்.

முதல் வேலை: ஆளை அளப்பது

அறையை அளக்கும் முன் சமைப்பவரை அளந்துவிடுங்கள். செருப்பில்லாமல் சுவரோரம் நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை என்ன வருகிறது என்று டேப்பில் பாருங்கள். அம்மாவுக்கு 36 அங்குலம். அதில் 4 கழித்தால் காய் நறுக்கும் மேடையின் உயரம்: 32. அடுப்பின் உயரம் 5 அங்குலத்தையும் கழித்தால் அடுப்பு வைக்கும் மேடை: 27. ஒரே மட்டத்தில் நீளமாக ஒரு மேடை பார்க்க அழகாக இருக்கும், கைக்கு ஒத்துவராது. இரண்டு மட்டமாகக் கட்டுங்கள். வீட்டில் இரண்டு பேர் சமைத்தால், அதிக நேரம் அடுப்படியில் நிற்பவரின் அளவை எடுங்கள்.

அகலம் 2 அடி போதும். நீளம் எங்களுக்கு ஆறரை அடி: உயர மேடை 4 அடி, இரண்டு பர்னர் அடுப்புக்குத் தாழ்ந்த மேடை இரண்டரை அடி. இதைச் சுவரில் சாக்பீஸால் வரைந்து, அதன் முன் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பானையை இறக்கி வைக்க இடம் இருக்கிறதா, கதவு இடிக்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

அடுப்பு எந்தப் பக்கம் என்றால் பெரியவர்கள் அக்னி மூலை என்று தென்கிழக்கைச் சொல்வார்கள். அது அமையாவிட்டாலும் மேற்கு ஜன்னலுக்கு நேரே மட்டும் வைக்காதீர்கள். அம்மியையே பறக்க வைக்கும் ஆடிக்காற்று அடுப்பை எரிய விடுமா?

சாமான்கள்

செங்கல் 100, சிமெண்ட் ஒரு மூட்டை, கட்டுவதற்கு எம்-சாண்ட் (கருங்கல்லை உடைத்துச் செய்த மணல்), பூசுவதற்கு அதிலேயே நைசான பி-சாண்ட், மேலே போட கடப்பாக் கல். கிரானைட்டைவிட கடப்பா மலிவு. கல் கடையில் அளவு சொன்னால் வெட்டி, முன்விளிம்பைத் தேய்த்து, சிங்க் வைக்கும் ஓட்டையும் போட்டுத் தருவார்கள். கருவிகள்: கரணை, தூக்குக்குண்டு (சுவர் செங்குத்தா என்று பார்க்க), ரசமட்டம் (மட்டம் சரியா என்று பார்க்க), மூலைமட்டம், நூல். வாங்க வேண்டாம், தெரிந்த கொத்தனாரிடம் இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்குங்கள். மேடைக்குக் கீழே பிளைவுட் அலமாரி செய்யச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். நம் ஊர் ஐப்பசி ஈரத்துக்கு அது உப்பிவிடும், கறையானும் ஏறும்.

சம்பா அறுப்பு முடிந்து மாசி, பங்குனியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பூச்சு காயவே காயாது.

கால் கட்டுவது

மேடையைத் தாங்கும் சுவரைத்தான் கால் என்கிறோம். இரண்டு ஓரத்திலும் நாலரை அங்குலச் சுவர். நடுவில் மட்டும் 9 அங்குலம், ஏனென்றால் இரண்டு மேடையின் கடப்பாக் கல்லும் அங்கேதான் வந்து உட்காரும். அந்த 9 அங்குலத்தில் பாதி தாழ்ந்த மேடையோடு நின்றுவிடும், மீதிப் பாதி உயர மேடை வரை போகும்.

சிமெண்ட் தரையாக இருந்தால் கால் வரும் இடத்தை உளியால் கொத்திவிட்டு அதன் மேலேயே கட்டலாம். மண்தரை என்றால் அப்படிச் செய்யாதீர்கள். நம் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும், மேடை சாய்ந்துவிடும். முக்கால் அடி தோண்டி, பாதிக்கு மணல் கொட்டித் தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே ஜல்லிக் கலவை போடுங்கள். அதற்குத் தனியாக இன்னும் அரை மூட்டை சிமெண்ட் பிடிக்கும்.

செங்கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டதும் புஸ்ஸென்று குமிழி கிளம்பும். குமிழி நிற்கும் வரை ஊறட்டும். காய்ந்த கல்லை வைத்தால் கலவையில் இருக்கும் தண்ணீரை அது குடித்துவிடும், பிடிப்பு இருக்காது. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல். முதலில் தண்ணீர் விடாமல் ஒரே நிறமாகும் வரை புரட்டி, அப்புறம் தண்ணீர். பிசைந்ததை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கீழ் வரியின் சந்துக்கு நேர் மேலே அடுத்த வரியின் சந்து வரக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். மேலே வரும் கடப்பாவின் தடிமனுக்கும் அடியில் போடும் கலவைக்கும் ஒன்றரை அங்குலம் கழித்து, 32-க்கு முப்பதரையிலும் 27-க்கு இருபத்தைந்தரையிலும் நிறுத்துங்கள்.

கட்டி முடித்ததும் ஈரச் சாக்கைச் சுற்றி, 7 நாள் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். பங்குனி வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று வேளை.

கல் போடுவது

இதற்கு மட்டும் கூட இரண்டு பேர் வேண்டும். கடப்பாவைத் தட்டையாகத் தூக்காதீர்கள், நடுவில் விரிசல் விடும். கதவைத் தூக்குவதுபோல் நிமிர்த்தித் தூக்குங்கள். சிங்க் ஓட்டைக்கு முன்னால் இருக்கும் பட்டைதான் பலவீனமான இடம். அதன் கீழே ஓர் இரும்பு ஆங்கிளை (L வடிவப் பட்டை) காலுக்குக் கால் போட்டுவிடுங்கள். கலவையைப் பரப்பிக் கல்லை வைத்து, ரசமட்டம் பார்த்து, சிங்க் பக்கம் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், வாட்டம் கொடுங்கள். சிந்தும் தண்ணீர் தானாகப் போய்விடும். சுவரும் கல்லும் சேரும் சந்தை வெள்ளை சிமெண்டால் அடையுங்கள், இல்லாவிட்டால் கரப்பான் குடியேறும்.

சிங்கிலிருந்து 2 அங்குல பிவிசி குழாய், அடிக்கு இரண்டு நூல் சரிவு. வளைவில் தண்ணீர் நிற்கும் டிராப் கட்டாயம், அதுதான் சாக்கடை நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கும். எங்கள் தண்ணீர் கொல்லை வாழைக்குப் போகிறது.

சிலிண்டர்

உயர மேடைக்குக் கீழே, அடுப்பை ஒட்டிய பக்கம் வையுங்கள். சிலிண்டர் இரண்டடிக்கு மேல் உயரம், ரெகுலேட்டரைத் திருகக் கைக்கும் இடம் வேண்டும். தாழ்ந்த மேடைக்குக் கீழே அது சிரமம். அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட மேலே, சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். முன்னால் கதவு போட்டு மூடாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேலே ஜன்னல் இருப்பது மட்டும் போதாது, தரைமட்டத்திலும் காற்றுப் போக ஒரு வழி வேண்டும். ரப்பர் குழாய் அடுப்புக்குப் பின்னால் சூட்டில் படக் கூடாது. 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், குழாயின் மேலேயே வருடம் அச்சடித்திருக்கும்.

வெளிச்சத்துக்கு, மேடைக்கு நேர் மேலே கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டோம். பகலில் விளக்குத் தேவையில்லை. அரிசி டிரம்மை மட்டும் தரையில் வைக்காமல் இரண்டு வரி செங்கல்லின் மேல் வையுங்கள். கார்த்திகை மழையில் கொல்லைத் தண்ணீர் உள்ளே வந்த வருடங்கள் எங்கள் தெருவுக்கு உண்டு.

கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ பட்டு நின்றால் அந்த இடம் வெளுத்துவிடும். உடனே ஈரத்துணியால் துடையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் கறுப்பு நிற்கும். அம்மா வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பைத் துடைக்கும்போதே இதையும் செய்துவிடுகிறார்.