காலையில் சாவனதுர்கா, மதியம் கயாக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருக்கு வேலைக்கு வந்து ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டால் இந்த ஆசை யாரையும் விடுவதில்லை. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு போஸ்டரைப் போடுவார். அதிகாலை நாலரைக்கு மடிவாளாவில் வண்டி, சாவனதுர்கா மலை, மதியச் சாப்பாடு, மஞ்சனபெலே அணை நீரில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு, மாலை ஏழு மணிக்கு வீடு. கூடவே வழிகாட்டி உண்டு.

என்னைக் கேட்டால், பாதித் தப்பு அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்குகிறது. "கைடு இருக்காருல்ல, அவரு பாத்துக்குவாரு" என்று மூளையை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குகிறோம். வழிகாட்டிக்குப் பாதை தெரியும், பாறை தெரியும். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், உங்களுக்குத் தண்ணீர் பயமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. நாமும் சொல்வதில்லை. சொன்னால் மானம் போய்விடும் என்று நினைப்பு.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. வனத்துறை அனுமதியை யார் எடுக்கிறார்கள்? 2024 ஜனவரியில் குமார பர்வதத்தில் கூட்டம் நெருக்கியடித்த படங்கள் பரவிய பிறகு, கர்நாடக அரசு ஆன்லைன் பதிவைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அரண்ய விஹாரா என்ற இணையதளம் வந்தது, ஒரு பாதைக்கு ஒரு நாளைக்கு 300 பேர் என்ற வரம்போடு. "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று அமைப்பாளர் சொன்னால், வனத்துறை வாசலில் திரும்பி நிற்கத் தயாராக இருங்கள். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, வரிசையின் கடைசியில் யார் வருவார், தண்ணீரில் இறங்கும்போது உதவிப் படகு நிற்குமா என்பதையும் கேளுங்கள். இதற்கெல்லாம் எரிச்சல்படுகிறவரோடு போகாமல் இருப்பதே மேல்.

முந்தைய இரவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை இரவு ஒரு மணி வரை கோரமங்களாவில் இருந்துவிட்டு நாலரைக்கு வண்டி ஏறுகிறவர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். தூங்குங்கள், அவ்வளவுதான். ஆனால் உடை விஷயத்தை அப்படி விட முடியாது. ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கல்லாகக் கனக்கும், காயவும் காயாது. ஓடுவதற்காக வாங்கிய ஷூ, அடிப்பாகம் தேய்ந்து மழமழவென்று ஆகியிருந்தால் கருங்கல்லில் பிடிக்காது. படகுக்குப் பின்பட்டை உள்ள செருப்பு தனியாக வேண்டும். ஈர ஷூவோடு திரும்பி வருவது எவ்வளவு கொடுமை என்பது கெங்கேரி சிக்னலில் நிற்கும்போது தெரியும். கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கு ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். மஞ்சனபெலேயின் அடியில் எத்தனை கண்ணாடி கிடக்கிறதோ.

பிடதி வழியாகப் போனால் வண்டி தட்டே இட்லிக் கடையில் நிற்கும். தட்டு அகல இட்லி, மேலே வெண்ணெய். ஒன்று போதும். மூன்று தின்றவர் மலையின் முதல் கால் மணி நேரத்திலேயே ஒரு பாறை பார்த்து உட்கார்ந்துவிடுவார். தின்னாமல் ஏறுவதும் தப்புதான்.

சாவனதுர்கா மாகடிப் பக்கம், நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். 1,226 மீட்டர் உயரம். ஆசியாவின் மிகப் பெரிய ஒற்றைக்கல் மலைகளில் ஒன்று என்பார்கள். கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு பகுதி: கரிய குன்று, வெள்ளைக் குன்று. பொதுவாக ஏறுவது கரிகுட்டாவில். மேலே சின்னதாக ஒரு நந்தி மண்டபம். வரைபடத்தில் தூரம் குறைவு என்பதால் "இதெல்லாம் ஒரு மலையா" என்று வேகமாகத் தொடங்குவார்கள். இங்கே மண் பாதையோ படிக்கட்டோ அதிகம் கிடையாது, சாய்ந்த வெறும் பாறைதான். கெண்டைக்கால் எந்நேரமும் இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். நிழல் இல்லை. ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று போதும் என்று வருகிறவர்கள் பாதி வழியில் பக்கத்து ஆளின் பாட்டிலைப் பார்ப்பார்கள். ஆளுக்கு இரண்டு, இரண்டரை லிட்டராவது வேண்டும், கூடவே ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். தண்ணீரைக் கையில் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு வராதீர்கள். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், குரங்குகளின் கண்ணும் அந்தப் பைமேல்தான்.

குழுவாக ஏறும்போது ஒரு வேடிக்கையான அநியாயம் நடக்கும். வேகமாக ஏறியவர்கள் ஓரிடத்தில் நின்று பத்து நிமிடம் இளைப்பாறுவார்கள். மெதுவாக வருபவர் மூச்சு வாங்க அங்கே வந்து சேர்ந்ததும், "எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்பார் வழிகாட்டி. அதிகம் களைத்த ஆளுக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள் என்று நீங்களே சொல்லலாம். சொல்லிப் பார்த்திருக்கிறேன், முகம் சுளிப்பவர்கள் சிலர் இருப்பார்கள், பரவாயில்லை.

பாறை இடுக்குகளில் மலைத்தேனீ கூடுகள் இருக்கும். வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு வருவது, அங்கே நின்று சிகரெட் பற்றவைப்பது, ட்ரோன் பறக்கவிடுவது எல்லாம் வம்பை விலைக்கு வாங்குவது.

ஆபத்து அதிகம் இறங்குவதில்தான். ஏறும்போது பயந்தவர்கள்கூட இறங்கும்போது தளர்ந்துவிடுகிறார்கள். "முடிஞ்சுது, இனி இறக்கம்தானே" என்று போன் வெளியே வரும். சரிவில் பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். அது தப்பு. பின்னால் சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போகும், பாதத்தின் பெரும்பகுதி பாறையை விட்டு எழும், பிடிமானம் போய்விடும். பெங்களூர்த் தமிழில் சொன்னால், ஜாரிவிடும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பைக் காலுக்கு நேர் மேலே வைத்து, பாதம் முழுவதும் பதியச் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். நேர் கீழே இறங்காமல் வளைந்து வளைந்து வந்தால் முட்டி பிழைக்கும். மழை பெய்து பாசி கருத்திருக்கும் இடத்தை மிதிக்காதீர்கள்.

இன்னொன்று, இந்த மலையின் வடிவம். கவிழ்த்த பானை மாதிரி. மேலே நின்று பார்த்தால் சரிவு சாதுவாகத் தெரியும், போகப் போகச் செங்குத்தாகும், அந்த இடம் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. "இந்தப் பக்கமா போனா சீக்கிரம் இறங்கிடலாம் போல" என்று குழுவை விட்டு விலகுகிறவர்கள், ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் மாட்டிக்கொள்வது இப்படித்தான். வந்த வழியிலேயே இறங்குங்கள். படம் எடுக்க விளிம்பு வரை போவதும் இதே கணக்கில் வரும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி இறங்கும். வெட்டவெளிப் பாறையில் அப்போது நிற்கக் கூடாது. அதனால் மேகம் கூடினால் "உச்சி பக்கத்துலதானே" என்று வழிகாட்டியோடு மல்லுக்கட்டாதீர்கள். அவர் திரும்பச் சொன்னால் திரும்புங்கள்.

சரி, இறங்கியாயிற்று. இனித் தண்ணீர்.

அமைப்பாளர்கள் மலையை முதலில் வைப்பதற்குக் காரணம் வெயில்தான், அது நியாயமே. ஆனால் மலையில் வாங்கிய கடனையெல்லாம் தண்ணீரில்தான் கட்டுகிறோம். தாகம், தூக்கமின்மை, நடுங்கும் தொடை, இதோடு ராகி முத்தே என்கிற களியுருண்டையும் கோழிச் சாறும் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுப் படகில் ஏறுகிறோம். கயாக்கில் காலை நீட்டி, இடுப்பை மடக்கி உட்கார வேண்டும். நிறைந்த வயிறு அங்கே நெஞ்சுக்கு ஏறும், கண் சொருகும். பாதி வயிறு சாப்பிட்டு, மீதியைக் கரை சேர்ந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். பீர் குடித்துவிட்டு ஏறுகிறவர்களோடு ஒரே படகில் உட்காராதீர்கள்.

மஞ்சனபெலே அர்க்காவதி ஆற்றின் குறுக்கே உள்ள அணை. திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்துக்குக் கீழே இருக்கிறது. பார்க்க அமைதியாக இருக்கும். கரையில் முழங்கால் ஆழம், இரண்டடி தள்ளினால் ஆளே மூழ்கும் பள்ளம், அடியில் சேறு. நீச்சல் தெரிந்தவர்களே இங்கே மூழ்கியிருக்கிறார்கள். படகு விடும் இடம் வேறு, குளிக்கும் இடம் வேறு. "ஒரு முங்கு முங்கிட்டு வரேன்" என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றுவதை விடப் பெரிய தப்பு இந்த நாளில் வேறு இல்லை.

அந்த லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி. வியர்க்கிறது, படத்தில் குண்டாகத் தெரிகிறது என்று பக்கிளைத் தளர்த்திவிடுவார்கள். தளர்ந்த ஜாக்கெட் தண்ணீரில் மிதக்கும், நீங்கள் அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போவீர்கள். போட்டதும் நண்பரை அழைத்து, ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை வந்தால் பட்டையை இறுக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தொடை இடையே வரும் பட்டை இருக்க வேண்டும், பெரியவர்களின் அளவைச் சுருக்கிப் போட்டுவிடக் கூடாது. உள்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் 50 என்றோ 100 என்றோ எண் இருக்கும், அது மிதவைத் திறன். 50 என்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கானது. நீச்சல் தெரியாதவர் 100 கேளுங்கள். அதுதான் மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பி வைக்கும் வகையில் செய்யப்பட்டது. சீட்டே இல்லாமல் நைந்து போன ஜாக்கெட்டைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

இனி மொழிப் பிரச்சினை. வழிகாட்டிகள் பெரும்பாலும் கன்னடமும் கொஞ்சம் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுவார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். சேலத்திலிருந்து வந்த என் சின்ன மாமாவைப் பின்னால் உட்காரவைத்து ஒரு முறை போனேன். படகு முட்புதர்ப் பக்கம் ஒதுங்கியது. கரையிலிருந்து வழிகாட்டி "பலகடே, பலகடே" என்று கத்தினார். கன்னடத்தில் அதற்கு வலப்பக்கம் என்று பொருள். மாமாவுக்குப் பலமாகப் போடு என்று கேட்டிருக்கிறது. சேலத்து பலம் அத்தனையையும் காட்டினார். நேராகப் புதருக்குள் போய் நின்றோம். "அவருதானே பலமா போடச் சொன்னாரு" என்று இன்றைக்கும் வாதிடுகிறார். அப்புறம் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கரையில் பாதுகாப்புப் பேச்சு நடக்கும்போது கூட வந்த பெரியவர்களுக்கு வரிக்கு வரி தமிழில் சொல்லிவிடுகிறேன். எட என்றால் இடது, பல என்றால் வலது.

துடுப்பைத் திருப்பிப் பிடிப்பது எல்லோரும் செய்வது. குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் இருபது நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். பிடியைத் தளர்த்தி, இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பிப் போட்டால் நீண்ட நேரம் தாங்கும். இரட்டைப் படகில் கனமானவர் பின்னால் உட்காரட்டும். முன்னால் இருப்பவர் தாளம் போடுவார், பின்னால் இருப்பவர் அதைப் பின்பற்றித் திசையைப் பார்த்துக்கொள்வார். கணவன் மனைவி சண்டை வேண்டாம் என்றால் இதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கயாக் எம்மாத்திரம்? சூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வரும் காற்று, நீர்ப்பரப்பில் மதியத்துக்கு மேல் வலுக்கும். காற்று தள்ளும் பக்கமாகச் சுகமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டே தூரம் போய்விடுவார்கள். திரும்பும்போது எதிர்க்காற்று, மலையேறிக் களைத்த உடம்பு. முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வரும். அலை பக்கவாட்டில் அடித்தால் படகின் மூக்கை அதை நோக்கித் திருப்புங்கள்.

கவிழ்ந்தால்? படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது. கரை பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். கவிழ்ந்த படகும் மிதக்கும், தேடுகிறவர்கள் கண்ணுக்கு உங்கள் தலையை விட அதுதான் முதலில் படும். ஒரு கையால் படகையும் மறு கையால் துடுப்பையும் பிடித்துக்கொண்டு கத்துங்கள். மேலே உட்காரும் வகைக் கயாக்கில் மறுபடி ஏறுவது பெரிய வித்தையல்ல: குறுக்கே கை நீட்டிப் படகை நிமிர்த்தி, பக்கவாட்டில் காலை உதைத்து, வயிற்றால் மேலே விழுந்து, பிறகு புரண்டு உட்கார வேண்டும். ஆனால் முதல் முறையாக அதை ஆழத்தில் செய்து பார்க்கக் கூடாது. கிளம்பும் முன் உதவிப் படகின் பக்கத்திலேயே, ஜாக்கெட்டோடு ஒரு முறை கவிழ்த்துக் காட்டச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். பத்து நிமிடம் ஆகும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நிற்கட்டும்.

வீடு திரும்பும் வழியையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சொந்த வண்டியில் வந்தவர் இரண்டு முறை களைத்த கையோடு ஓட்டுகிறார். இரு சக்கர வண்டியில் வந்தவர்களுக்கு மைசூர் விரைவுச்சாலையின் நடுப்பாதை 2023 ஆகஸ்ட் முதல் கிடையாது, பக்கச் சாலைதான். ஞாயிறு மாலையில் நாயண்டஹள்ளியைத் தாண்டுவதற்குள் இருட்டிவிடும். அன்றைக்கு இரவு ஏழரைக்கு அல்சூரில் கல்யாண வரவேற்புக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தால், காலையிலேயே போன் செய்து மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.