கரை இறகுக் கோழிக்குச் சேவல் தேர்வு: அவசரம் வேண்டாம்

வயண்டாட் இனம் போன்ற கரை இறகுக் கோழிகளை (ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் வேறு நிறக் கரை ஓடும் கோழிகளை) வளர்ப்பவர்கள் பலரும் இனவிருத்திக்குச் சேவல் தேர்ந்தெடுக்கும்போது செய்யும் தவறு, இளஞ்சேவல்களை 2 மாதத்திலேயே கழித்துவிடுவது. அப்போது இருப்பது குஞ்சு இறகு. அதில் கரை கலங்கலாகத்தான் தெரியும். பெரிய இறகு முளைத்து, மார்பு நிறைய குறைந்தது 5 மாதமாவது ஆகும். அதுவரை கோணல் அலகு, வளைந்த கால், நோஞ்சான் உடம்பு இவற்றை மட்டும் விலக்குங்கள்.

அப்புறம் நல்ல பகல் வெளிச்சத்தில் சேவலைக் கையில் பிடித்து மார்பைப் பாருங்கள். ஒற்றை இறகைத் தூக்கிப் பார்த்தால் நடுப்பகுதி சுத்தமாக, ஒரே நிறமாக இருக்க வேண்டும். அதில் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளி இருந்தால் வேண்டாம். கரை சீரான அகலத்தில் இறகின் நுனியைச் சுற்றி வர வேண்டும். கறுப்புக் கரைக்கு வெளியே இன்னொரு வெளிர் விளிம்பு தெரிந்தால் அதுவும் குறைதான். எனக்கு இதுதான் பெரிய குறை. தொண்டையிலிருந்து தொடை வரை கரை தொடர்கிறதா என்றும் பாருங்கள், பலவற்றில் தொடைக்கு வரும்போது மங்கிவிடும்.

கழுத்து, முதுகு இறகின் பளபளப்பில் மயங்காதீர்கள். பெட்டைக் குஞ்சுகளின் கரை எப்படி வரும் என்பதற்குச் சேவலின் மார்புதான் நல்ல தடயம். செப்ரைட் என்ற கரை இறகுக் குட்டை இனத்தில் மட்டும் சேவலுக்கும் உடம்பெல்லாம் பெட்டைக்கு இருப்பது போன்ற இறகு என்பதால் முழுவதும் பார்க்கலாம்.

சரி, தேர்ந்தெடுத்த சேவலுக்குக் கால் வளையம் மாட்டிவிடுங்கள். ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றை வைத்திருங்கள்.