உறைபனிக் காலத்துக்குச் சோலார் டிராக்கரைத் தயார் செய்வது எப்படி?

கனடாவின் ஆல்பர்ட்டா சமவெளியில் குளிர்கால வெப்பநிலை சில நாட்களில் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். கால்கரி நகரில் டிசம்பர் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் சுமார் 15 டிகிரி உயரத்துக்கே எழுவதால், சூரியனைப் பின்தொடர்ந்து பேனல்களைக் கிழக்கு மேற்காக மட்டும் திருப்பும் ஒற்றை அச்சு டிராக்கர், தெற்கு நோக்கிச் சரிவாக நிறுத்திய நிலையான பேனலைவிட அப்போது குறைவாகவே மின்சாரம் தரும். அதன் ஆதாயமெல்லாம் கோடையில்தான். ஆகவே அந்த மாதங்களில் உற்பத்தியைத் துரத்தாமல் இயந்திரத்தைக் காப்பதற்கே முதலிடம் தர வேண்டும்.

மண்ணின் ஈரம் உறைந்து விரியும்போது டிராக்கரைத் தாங்கும் தூண்கள் மேலே தள்ளப்படும்; ஒரு வரிசையில் சில தூண்கள் மட்டும் உயர்ந்தாலும் பேனல்களைத் தாங்கித் திருப்பும் சுழல்குழாய் வளைந்து பேரிங்குகள் இறுகிவிடும். எனவே மண்ணைப் பரிசோதித்து, உறையும் ஆழத்துக்கு நன்கு கீழே வரை தூண்களை இறக்க வேண்டும். சறுக்கி விழும் பனி பேனலின் கீழ்விளிம்புக்கு அடியிலேயே குவியும் என்பதால், தூணின் உயரத்தையும் அதற்கேற்பக் கூட்டுவது அவசியம்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது கட்டுப்பாட்டு மென்பொருளில்தான். பனி சரிந்து விழப் பேனல் முழுச் சாய்வில் நிற்க வேண்டும். ஆனால் பல டிராக்கர்கள் பலத்த காற்றில் கிடைநிலைக்குத் திரும்பும்படி வடிவமைக்கப்பட்டவை. பனிப்புயலில் இரண்டும் சேர்ந்தே வருவதால், எந்தக் காற்று வேகத்தில் எந்த நிலை முந்த வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் வரம்புகளை வைத்து முன்பே வரையறுத்துவிட்டு, காற்று தணிந்ததும் பனிச்சுமை ஏறுமுன் பேனல் தானாகவே சாயும்படி அமைக்க வேண்டும்.

குளிரில் பேனலின் மின்னழுத்தம் உயரும். 25 டிகிரியில் 50 வோல்ட் திறந்த சுற்று மின்னழுத்தம் (எதனுடனும் இணைக்காதபோது காட்டும் அளவு) உடைய பேனல், டிகிரிக்கு 0.28 சதவீதம் மாறுமானால், மைனஸ் 40-இல் ஏறத்தாழ 59 வோல்ட் காட்டும்; 1500 வோல்ட் வரை தாங்கும் இன்வெர்ட்டரில் 30 பேனல்களுக்குப் பதில் 25 மட்டுமே தொடராக இணைக்கலாம்.

கியர்பெட்டிக்குத் தாழ்வெப்பச் செயற்கை கிரீஸைப் பயன்படுத்துங்கள். டிராக்கரின் லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் பழுதாகும். சூடேற்றும் வசதியுள்ள பெட்டி வேண்டும்.

உறைமழைக்குப் (விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகும் மழை) பின் மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டம் இழுத்தால் அதை உடனே நிறுத்தும் வரம்பை வைத்துவிட்டு, பனிக்கட்டி உருகும் வரை காத்திருங்கள்; கம்பியால் தட்டி உடைத்தால் கண்ணாடிதான் முதலில் போகும்.