உறவுச் சிற்றினங்களின் பூமணத்தை ஒப்பிட்டுப் பகுப்பாயும் முறை

ஒரே பேரினச் செடிகளின் பூமணத்தை ஒப்பிடும்போது, காணப்படும் வேறுபாடு சிற்றினத்துக்கு உரியதா, நாம் மாதிரி எடுத்த விதத்தால் விளைந்ததா என்ற ஐயத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஆகவே கருவியிடம் செல்லுமுன் பூவிடம் செல்ல வேண்டும். மாலையில் மலர்ந்து இரவில் மணக்கும் குண்டுமல்லியின் மொட்டை நண்பகலிலும், வேறொரு மல்லிகையின் விரிந்த பூவை இரவிலும் எடுத்து ஒப்பிட்டால், கிடைப்பது நேர வேறுபாடே. ஒவ்வொரு சிற்றினத்திலும் குறைந்தது ஐந்து தனிச் செடிகளாவது தேவை; ஒரே செடியின் பதியன்களை ஐந்தாகக் கணக்கிடுவது தவறு.

பூவைப் பறித்தால் காயம்பட்ட திசு பச்சிலை வாசம் தரும் ஆறு கார்பன் சேர்மங்களை வெளியிடும். எனவே பூவைச் செடியிலேயே விட்டு, மணமற்ற வெப்பந்தாங்கும் பையால் மூடுங்கள். வெற்றுப் பை ஒன்றையும், இலைகளை மட்டும் மூடிய பை ஒன்றையும் அதே நேரம் வைத்திருந்து பகுப்பாய்வது கட்டாயம்.

மணத்தைப் பிடிக்க, மணச் சேர்மங்களை ஈர்க்கும் பூச்சுடைய நுண்ணிழை எளிது. ஆனால் அது சில சேர்மங்களை மிகுதியாகவும் சிலவற்றைக் குறைவாகவும் ஈர்ப்பதால், அளவறிய விரும்புவோர் டெனாக்ஸ் என்னும் மணமீர்க்கும் பொருள் நிரப்பிய குழாய் வழியே காற்றைச் சீரான வேகத்தில் இழுத்து, கரைப்பானால் கழுவியெடுத்து, ஒப்பிட்டு அளவறிய உதவும் அளவறிந்த அகத்தரச் சேர்மம் ஒன்றைக் கலக்க வேண்டும்.

கலவையிலுள்ள சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராபியில் 30 மீட்டர் நீளமுள்ள, 5 சதவீத ஃபீனைல் கொண்ட சிலிக்கோன் நுண்குழாய் போதும். வெப்பநிலையை 40 டிகிரி செல்சியஸிலிருந்து நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் உயர்த்தலாம். அதே வெப்பநிலை நிரலில் ஆல்க்கேன் (நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்) வரிசையையும் ஓட்டி, ஒவ்வொரு சேர்மமும் வெளிவரும் நேரத்தை அவ்வரிசையோடு ஒப்பிட்டுக் காட்டும் தேக்கக் குறியீட்டெண்ணைக் கணக்கிடுங்கள். சேர்மம் உடைந்த துண்டுகளின் நிறைகளைக் காட்டும் நிறை நிறமாலையை ஒப்பிட்டு, நிறமாலை நூலகம் முதலில் காட்டும் பெயரை அப்படியே ஏற்பதுதான் இத்துறையில் மிகுதியாக நேரும் பிழை என்பது என் கருத்து. மூலக்கூறு நிறை 204 உடைய செஸ்குவிடெர்பீன்கள் (15 கார்பன் கொண்ட மணச் சேர்மங்கள்) பலவற்றின் நிறமாலைகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இக்குழாயில், பூமணச் சேர்மங்களுள் லினலூலின் குறியீட்டெண் சுமார் 1100, பென்சைல் அசிட்டேட்டுக்குச் சுமார் 1165, இண்டோலுக்குச் சுமார் 1290. எண் பொருந்தாவிடில் பெயரைக் கைவிடுங்கள். தூய சேர்மத்தை ஓட்டிப் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

முடிவைச் சதவீதத்தில் மட்டும் தருவது போதாது. கிளார்க்கியா பேரினத்தில் பிரூவெரி என்னும் சிற்றினம் நன்கு மணக்கும். அதன் நெருங்கிய உறவான கன்சின்னா நம் மூக்குக்கு மணமற்றது, எனினும் அதிலிருந்தும் மிகச் சிறிதளவு லினலூல் வெளியாகிறது. இத்தகைய வேறுபாட்டைச் சதவீதம் மறைத்துவிடும். ஒரு பூ ஒரு மணி நேரத்தில் வெளியிடும் நானோகிராம் அளவே வெளிக்காட்டும்.