அரபு நாடுகளின் மின்சாரத்தில் எண்ணெய், எரிவாயுவின் பங்கைக் கணக்கிடுவது எப்படி?

நிறுவுதிறனை, அதாவது நிலையம் உச்சமாகத் தரக்கூடிய மெகாவாட் அளவை, வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆண்டு உற்பத்தியை யூனிட்டில் (கிலோவாட்-மணியில்) எடுங்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. பாலைவனச் சூரிய மின்நிலையத்தின் பயன்பாட்டு விகிதம் (ஆண்டு முழுதும் முழு அளவில் ஓடினால் வரக்கூடியதில் உண்மையில் வரும் பங்கு) ஏறக்குறைய 25% என்றால், 1 மெகாவாட்டிலிருந்து ஆண்டுக்கு 21.9 லட்சம் யூனிட் வரும். அணுஉலை 90 விழுக்காட்டில் ஓடினால் அதே 1 மெகாவாட் 78.8 லட்சம் யூனிட் தரும். ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்கா நிலையத்தில் தலா 1,400 மெகாவாட்டில் 4 உலைகள். நாட்டு மின்சாரத்தில் கால்பங்கு அங்கிருந்து வருவதன் காரணம் இதுதான்.

அடுத்து எரிபொருள். ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயின் வெப்பம் சுமார் 1,700 யூனிட். 35% திறனுள்ள நீராவி நிலையம் அதில் 600 யூனிட்தான் மின்சாரமாக்கும். எரிவாயுவில் 1 கனமீட்டருக்குச் சுமார் 10.5 யூனிட் வெப்பம். எரிவாயு டர்பைனின் கழிவு வெப்பத்தில் நீராவி டர்பைனையும் ஓட்டும் கூட்டுச்சுழற்சி நிலையம் அதில் பாதிக்கு மேல் மீட்கும், தனி டர்பைன் மூன்றில் ஒரு பங்குதான். கோடைக்கணக்கைத் தனியாகப் போடுங்கள்: ஏசி சுமை உச்சத்தில் இருக்கும் அதே வேளையில், சூடான காற்றின் அடர்த்தி குறைவதால் டர்பைனின் திறனும் இறங்கும். சவுதி அரேபியா கோடையில் கச்சா எண்ணெயையே எரிப்பதற்கு இந்தச் சுமைதான் முக்கியக் காரணம்.

வளைகுடாவில் பல நிலையங்கள் கடல்நீரைக் குடிநீராக்கவும் நீராவி தருகின்றன. அதற்கான எரிபொருளைப் பிரிக்காவிட்டால் மின்சாரத்துக்கான எரிபொருள் கணக்கு ஊதிப்போகும். லெபனானில் தெருவுக்குத் தெரு ஓடும் தனியார் டீசல் ஜெனரேட்டர்களையும் சேர்த்தே ஆகவேண்டும். மொராக்கோவில் நிலக்கரியைத் தேடுங்கள். உற்பத்தியில் பாதிக்கு மேல் அதுவே.