சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை: ஒரு பேட்ச்சின் கணக்கை எடுப்பது எப்படி?

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை. சேர்ந்த புதிதில், "டேட்டா எல்லாம் இனி உங்க பொறுப்புங்க" என்று ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். உள்ளே பதினேழு எக்செல் கோப்புகள். ஒரே வகுப்புக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு எண்ணிக்கை. உங்களுக்கும் அந்தக் கதி வந்திருந்தால் மேலே படியுங்கள். எக்செல்லில் ஃபில்டர் போடத் தெரிந்தால் போதும்.

இந்தக் கணக்கைக் கேட்பவர்கள் பலர். ஐஷே (AISHE) என்ற அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2010-11 முதல் நடக்கிறது. மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடும் நிர்ஃப் (NIRF) தரவரிசை 2016இல் வர ஆரம்பித்தது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஒருவர் கேட்பது போல மற்றவர் கேட்பதில்லை. நாக்குக்கு இறுதித் தேர்வின் தேர்ச்சி விகிதம் வேண்டும். நிர்ஃப் கேட்பது, குறித்த காலத்துக்குள் படித்து முடித்தவர் எத்தனை பேர் என்று. படிவத்துக்குப் படிவம் புதிதாக எண்ண உட்கார்ந்தால் பதினேழு கோப்புதான் மிஞ்சும். ஒரே ஒரு தாய்ப் பட்டியல் போட்டு வைத்தால் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே எடுக்கலாம்.

முதல் படி: யாரை எண்ணுகிறோம்?

ஒரு பாடம், ஒரு சேர்க்கை ஆண்டு. உதாரணமாக 2021 பி.காம். அட்மிஷன் ரெஜிஸ்டரை எடுத்து ஆளுக்கு ஒரு வரி போடுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். முதல் அலாட்மெண்ட்டில் (இட ஒதுக்கீட்டுச் சுற்றில்) சேர்ந்தவர்களையெல்லாம் எண்ணிவிட்டேன். அவர்களில் சிலர் ஹையர் ஆப்ஷன், அதாவது விருப்பப் பட்டியலில் இன்னும் மேலே வைத்திருந்த இடம் கிடைத்து அடுத்த வாரமே வேறு கல்லூரிக்குப் போயிருந்தார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்களையும் சேர்த்து எண்ணியதில், இருந்த சீட்டைவிட மாணவர்கள் அதிகமாகிவிட்டார்கள்! சேர்க்கை முடிந்த தேதியில் யார் ரோலில் இருந்தார்களோ அவர்களே உங்கள் பேட்ச். அந்தத் தேதியைத் தாளின் தலையில் எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படி: பெயரை நம்பாதீர்கள்

எல்லைப் பகுதியில் இது பெரிய தலைவலி. பள்ளிச் சான்றிதழில் எம். கார்த்திகா என்று இருக்கும் பிள்ளை, பல்கலைக்கழகப் பட்டியலில் கார்த்திகா எம் ஆகிவிடுவாள். தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால், கேரளத்தில் பின்னால். உதவித்தொகைப் பட்டியலில் அப்பா பெயர் முழுசாக வந்து உட்கார்ந்திருக்கும். எக்செல்லைப் பொறுத்தவரை மூன்றும் மூன்று ஆட்கள். அதனால் கோப்புகளை இணைக்கும்போது அட்மிஷன் நம்பரையோ பல்கலைக்கழக ரெஜிஸ்டர் நம்பரையோ வைத்து இணையுங்கள். அந்த நம்பர் உள்ள நெடுவரிசையை (column) முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் முன்னால் உள்ள பூஜ்யத்தை எக்செல் தின்றுவிடும்.

மற்ற நெடுவரிசைகள்: பாலினம், இட ஒதுக்கீட்டுப் பிரிவு, பிளஸ் டூ படித்த மொழி. நம் பகுதியில் கடைசியை விடவே கூடாது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளை முதல் செமஸ்டரில் எங்கே தடுக்கி விழுகிறாள் என்று இதை வைத்துத்தான் பார்க்க முடியும்.

மூன்றாம் படி: நிலை

ஒவ்வொரு வரிக்கும் இன்றைய நிலை ஒன்று, அந்த நிலைக்கு வந்த தேதி ஒன்று. நான் வைத்திருப்பவை: முடித்தார், அரியர் உண்டு, படிக்கிறார், டிசி வாங்கிப் போனார், வராமல் நின்றார். கையால் அடிக்காமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் டிராப் டவுன் வைத்துக்கொள்ளுங்கள். 'முடித்தார்' ஓரிடத்தில் 'முடித்தாா்' என்று விழுந்தால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஃபார்முலாவுக்கு வேறு வேறு.

நான்காம் படி: வகுக்கும் எண்

உண்மையான வேலை இதுதான். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 40 பேர் சேர்ந்தார்கள், கடைசித் தேர்வை எழுதியவர் 31, தேறியவர் 27. எழுதியவரில் பார்த்தால் 87 சதவீதம், பேனர் கட்டலாம். சேர்ந்தவரில் பார்த்தால் 67.5தான். இரண்டும் பொய்யில்லை. முதலாவதில், கடைசித் தேர்வு வரை வராத 9 பேர் இருந்த சுவடே தெரியாது, அவ்வளவுதான். இங்கே தென்னை வைத்தவர்களைக் கேளுங்கள், காய்க்கிற மரத்தில் எத்தனை காய்த்தது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள், நட்ட கன்றில் எத்தனை பிழைத்தது என்பதையும் சொல்வார்கள்.

அரியர் வைத்த 4 பேரில் 3 பேர் அடுத்த வருடம் சப்ளிமெண்டரியில் தேறினால் 40க்கு 30, அதாவது 75 சதவீதம். அதனால் குறித்த காலத்தில் முடித்தவர், பிறகு முடித்தவர் என்று இரண்டு நெடுவரிசையாகக் காட்டுங்கள். எண்ணுவதற்கு எக்செல்லின் கவுண்ட்இஃப்ஸ் (COUNTIFS) ஃபார்முலா போதும். சேர்க்கை ஆண்டு ஒரு நிபந்தனை, நிலை இன்னொரு நிபந்தனை.

ஐந்தாம் படி: போனவர்கள் எங்கே?

அந்த 9 பேரையும் 'இடைநிற்றல்' என்று ஒரே பெட்டியில் போடுவதுதான் வழக்கம். வேறு ஊரில் சரியாக இருக்கலாம். இங்கே எல்லையில் வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் பஸ், கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. எங்கள் கல்லூரியில் அப்படிப் போனவர்களின் வீடுகளுக்கு ஒரு மாலை உட்கார்ந்து போன் போட்டேன்.

"காலேஜ்ல இருந்து பேசறேனுங்கம்மா, பாப்பா ஏன் நின்னுட்டான்னு கேக்கலாம்னு…"

"நிக்கலீங்களே சார்! பொள்ளாச்சியில சேர்ந்து இப்ப கடைசி வருசமுங்க."

எங்கள் பதிவேட்டில் அவள் நின்றுபோனவள். இது நம் ஊர்க் கோளாறு மட்டுமில்லை. அமெரிக்காவில் 1990இல் வந்த ஒரு சட்டத்தால் கல்லூரிகள் பட்டம் முடித்தோர் விகிதத்தை வெளியிட வேண்டியிருக்கிறது. நான்கு வருடப் படிப்புக்கு ஆறு வருடம் வரை பார்ப்பார்கள். வேறு கல்லூரிக்கு மாறி அங்கே பட்டம் வாங்கியவர், முதல் கல்லூரியின் அந்த விகிதத்தில் முடித்தவராக வரமாட்டார்.

ஆகவே 'டிசி வாங்கிப் போனார்' என்பதற்குப் பக்கத்தில் 'எங்கே' என்று ஒரு நெடுவரிசை. வேறு கல்லூரி, நர்சிங், வேலை, கல்யாணம், தெரியவில்லை. 'தெரியவில்லை' என்பதை வெட்கப்படாமல் எழுதுங்கள். போனை அந்த வருடமே போட்டுவிடுவது நல்லது, இரண்டு வருடம் கழித்தால் நம்பர் மாறியிருக்கும்.

சம்பளம் கேட்டால் சராசரி போடாதீர்கள், இடைநிலை (median), அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணைப் போடுங்கள். ஐந்து பேர் 10,000, 11,000, 12,000, 13,000, 60,000 வாங்கினால் சராசரி 21,200. அந்தச் சம்பளத்தை வாங்குபவர் அவர்களில் யாருமே இல்லை. இடைநிலை 12,000.

கடைசியாக இரண்டு விஷயம். துறைவாரியாகப் பிரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டும்போது பத்துக்குக் குறைவான எண் வந்தால் அதை மறைத்துவிடுங்கள். 'தமிழ் மீடியம், பெண், நின்றவர்: 1' என்றால் சின்ன ஊரில் அது யார் என்று எல்லாருக்கும் தெரியும். போன் நம்பர் உள்ள தாய்ப் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீர்கள்.

அப்புறம், கேரளத்தில் 2024 ஜூலை 1 முதல் நான்கு வருடப் பட்டப்படிப்பு வந்துவிட்டதல்லவா? அந்த பேட்ச்சில் 2027இல் மூன்று வருடப் பட்டத்தோடு வெளியே போகிறவர்கள் முடித்தவர்கள்தான், நின்றவர்களில்லை. டிராப் டவுனில் 'மூன்றாண்டில் முடித்தார்', 'ஆனர்ஸ் முடித்தார்' (நான்கு வருடமும் படித்தவர்) என்று இரண்டையும் இப்போதே சேர்த்து வையுங்கள். 2027இல் அந்த பென் டிரைவ் வேறு யார் கையிலாவது இருக்கும்.