மூளை இணைப்பும் மன அழுத்தமும்: ஓர் ஆய்வுச் செய்தியைப் படிக்கும் முறை

மூளையின் ஆழத்தில் உள்ள இரு பகுதிகளுக்கு இடையே இணைப்பு கூடினால் மன அழுத்தம் கூடுகிறது அல்லது குறைகிறது என்று ஒரு செய்தி சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது அங்கே எது அளக்கப்பட்டது என்பதைத்தான். நரம்பிழைக் கற்றைகள் ஓடும் பாதையை எம்.ஆர்.ஐ. கருவியால் கணித்து, அதை இணைப்பு என்று சொல்வதுண்டு. ஆனால் மன அழுத்த ஆய்வுகளில் பெரும்பாலும் அந்தச் சொல் குறிப்பது வேறொன்றை: இரு பகுதிகளில் அதே கருவி பதிவு செய்யும், ரத்த ஆக்சிஜன் சார்ந்த சமிக்ஞை எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்பதை. நரம்பணுக்கள் செயல்பட்ட பின் அந்தச் சமிக்ஞை உச்சத்தை எட்ட 5 முதல் 6 விநாடிகள் ஆவதால், எந்தப் பகுதி முதலில் தூண்டியது, எது அதைத் தொடர்ந்தது என்பதை இந்த ஒத்திசைவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

அடுத்து, அந்த ஆய்வு எதை மன அழுத்தம் என்று எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் கலக்கிறது. நெருக்கடி தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் உமிழ்நீரிலும் அதன் அளவு உச்சத்துக்கு வருகிறது. 1993-இல் ஜெர்மனியின் டிரியர் நகரில் உருவான சோதனையில், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்களின் முன் ஒருவர் 5 நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்து விடையை உரக்கச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. இதில் பெரும்பாலோருக்குக் கார்டிசால் ஏறுகிறது. ஆனால் அது மிகுதியாக ஏறியவரே மிகுதியாகப் பதறினார் என்று சொல்ல முடிவதில்லை. கார்டிசால் அளவையும் மனம் உணர்ந்ததையும் ஒன்றாகக் கலந்து எழுதும் செய்தியை நம்ப வேண்டாம்.

இந்த வேறுபாட்டைக் கவனமாகக் கையாண்டதால்தான் யேல் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனத்தை உலுக்கும் படங்களைப் பார்த்தவர்கள் தாங்கள் உணர்ந்த அழுத்தத்தைத் தாங்களே மதிப்பிட்டார்கள். நினைவுக்கு மையமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, ஹைபோதலாமஸ் உள்ளிட்ட வலையமைப்போடு யாருக்கு ஒத்திசைந்ததோ அவர்கள் அதிக அழுத்தத்தை உணர்ந்தார்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள, உணர்ச்சிக் கட்டுப்பாட்டோடு தொடர்புடைய புறணிப் பகுதியோடு அது ஒத்திசைந்தவர்கள் குறைவாகவே உணர்ந்தார்கள். மன அழுத்தத்தோடு தொடர்பில்லாத வேறொரு மனநிலையையும் இதே வலையமைப்பு கணித்துவிடுகிறதா என்றும் அவர்கள் சோதித்தார்கள், கணிக்கவில்லை. இப்படி எதிர்ச்சோதனை செய்திருக்கிறார்களா என்பதை எந்த ஆய்விலும் தேடிப் பாருங்கள்.

செய்திகள் பெரும்பாலும் விட்டுவிடுவது மூச்சைப் பற்றிய தகவல். பதறுபவர் வேகமாக மூச்சுவிடுகிறார்; ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது; மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; உடனே மூளை முழுவதும் சமிக்ஞை ஒருசேர மாறுகிறது. தலை சிறிது அசைந்தாலும் இதே போன்ற பொய்யான ஒத்திசைவு தோன்றும். அதிலும் அச்ச உணர்வோடு தொடர்புடைய அமிக்டலா போன்ற ஆழமான, சிறிய பகுதிகள் பெரிய ரத்தக் குழாய்களுக்கும் காற்றறைகளுக்கும் அருகில் இருப்பதால், அங்கே கிடைக்கும் சமிக்ஞையே தெளிவு குறைந்தது. ஆகவே மூலக் கட்டுரை கிடைத்தால் அதன் செய்முறைப் பகுதிக்குப் போய், மூச்சும் இதயத் துடிப்பும் தலை அசைவும் பதிவு செய்யப்பட்டனவா, அவற்றின் விளைவு கணக்கிலிருந்து நீக்கப்பட்டதா என்று பாருங்கள். ஆய்வின் நம்பகத்தன்மையில் பெரும்பங்கு அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது.

இவையெல்லாம் பலரை ஒன்றாக வைத்துக் கண்ட போக்குகள். இவற்றைக் காட்டி, உங்கள் மன அழுத்தத்தை மூளைப் படத்தில் அளந்து தருகிறோம் என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். தூக்கம், பசி, கவனம் ஆகியவை எத்தனை வாரங்களாகக் கெட்டிருக்கின்றன என்று விசாரித்துத்தான் மனநல மருத்துவர் இன்றும் முடிவுக்கு வருகிறார்.